மூன்றில் ஒன்று
உயிருக்குள் பௌதிகம் – தொடர் 8

கொலாஜன் என்னும் புரதச் சங்கிலியின் முறுக்குப் பகுதியில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசீன் என்ற அமினோ அமிலத்துக்கு ஒதுக்கப்பட்டது. மற்ற இரண்டு இடங்களிலும் வேறு எது வேண்டுமானாலும் வரலாம். மூன்றாவதில் கிளைசீனைத் தவிர எதுவும் வரக்கூடாது. மனிதனின் எலும்பிலும் தோலிலும் இருக்கும் முதலாம் வகைக் கொலாஜனில் அந்த முறுக்குப் பகுதி 1014 அமினோ அமிலங்கள் நீளமானது. அவற்றுள் 338 கிளைசீன். கணக்கு எங்கும் பிசகுவதில்லை. கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டு, நரம்பும் வயிறும் இல்லாமல் வாழும் கடற்பஞ்சின் கொலாஜனிலும் இதே ஒழுங்குதான். கடற்பஞ்சின் வழியும் மனிதனின் வழியும் பிரிந்து 60 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. அதற்குள் கண் வந்தது, எலும்பு வந்தது, சிறகும் மூளையும் வந்தன. மூன்றில் ஒன்று மட்டும் இருந்தபடியே இருக்கிறது.

ஏன் மாறவில்லை என்று கேட்டால் கூர்ப்புக் கொள்கையிடம் ஒரு பதில் உண்டு: மாறியவை பிழைக்கவில்லை. அது சரியான பதில், ஆனால் பாதிப் பதில். மாறினால் ஏன் பிழைக்க முடியாது என்பது மறுபாதி. அந்த மறுபாதியைக் கண்டெடுத்தவர்கள் உயிரியலாளர்கள் அல்லர், பௌதிகவியலாளர்கள். அந்த வேலையின் பெரும் பங்கு 1952க்கும் 1963க்கும் இடையில் மதராஸ் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நடந்தது.

பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் நான்கிலொரு பங்கு, சில கணக்குகளில் மூன்றிலொரு பங்கு, கொலாஜன்தான். தசைநாண், தோல், குருத்தெலும்பு, பல்லின் உட்பகுதி, இரத்தக் குழாயின் சுவர் என்று இழுவிசை தாங்க வேண்டிய இடமெல்லாம் அது இருக்கும். கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வீட்டில் ஆட்டுக்கால் சூப்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் காலையில் சட்டிக்குள் அது குழம்பாக இருக்காது. கரண்டியால் தொட்டால் நடுங்கும் கட்டியாக இருக்கும். கொதியில் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து சங்கிலிகள் தனித்தனியாகின்றன. குளிரும்போது அவை தாறுமாறாக மீண்டும் பின்னிக்கொண்டு இடையே நீரைப் பிடித்து வைக்கின்றன. இந்த அவிழ்ந்த கொலாஜனுக்குப் பெயர் ஜெலற்றின். இனிப்புப் பொதியின் பின்பக்கத்தில் எந்தப் பிராணியினுடையது என்று முஸ்லிம் வீடுகளில் தேடிப் பார்க்கப்படும் அதே பொருள்.

கிளைசீனின் கதையும் ஜெலற்றினில்தான் ஆரம்பிக்கிறது. 1820இல் ஹென்றி பிராக்கொனோ என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஜெலற்றினைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சியபோது இனிப்பான பளிங்குகள் கிடைத்தன. சர்க்கரை என்றே முதலில் எண்ணினார். பிற்காலத்தில் இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிளைசீன் என்று பெயர் வந்தது. இருபது அமினோ அமிலங்களிலும் மிகச் சிறியது இது. மற்றவற்றுக்கெல்லாம் பக்கவாட்டில் ஒரு கிளை உண்டு. அடுத்த சிறியதான அலனீனுக்கே ஒரு காபனும் மூன்று ஐதரசனும். கிளைசீனுக்கு அந்த இடத்தில் ஒரேயொரு ஐதரசன் அணு. இந்தச் சிறுமைக்குள்தான் மேற்சொன்ன மறுபாதிப் பதில் ஒளிந்திருந்தது. அது வெளிவர 130 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பௌதிகவியலாளர்கள் உயிரின் பக்கம் திரும்பியதைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக 1943 பெப்ரவரியில் டப்ளினில் எர்வின் ஷ்ரோடிங்கர் நடத்திய விரிவுரைகளில் தொடங்குவார்கள். அடுத்த ஆண்டு அவை நூலாக வந்தன. பரம்பரைச் செய்தி ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வராத ஒருவகைப் பளிங்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும், உயிர் தன் ஒழுங்கைக் காக்கச் சூழலுக்கு எந்திரப்பியை, அதாவது ஒழுங்கின்மையை, தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறது என்றும் அவர் சொன்னார். நூல் பலரை உயிரியலுக்கு இழுத்தது உண்மை. ஆனாலும் ஷ்ரோடிங்கர் ஒரு புரதத்தையும் கையால் தொட்டவர் அல்லர். தொட்டவர் ஜே. டி. பெர்னால். எக்ஸ் கதிர்ப் பளிங்கியலில் கைதேர்ந்த பௌதிகவியலாளர். 1934இல் கேம்பிரிஜில் டொரதி குரோஃபுட்டோடு சேர்ந்து பெப்சின் என்னும் செரிமானப் புரதத்தின் பளிங்கை முதன்முதலில் தெளிவாக எக்ஸ் கதிர்ப் படம் பிடித்தார். அதுவரை எல்லோரும் பளிங்கை உலரவைத்தே படமெடுத்துத் தோற்றிருந்தார்கள். பெர்னால் அதை அதன் சொந்தத் திரவத்தோடு கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்தார், புள்ளிகள் விழுந்தன. கருவாட்டை வைத்துக்கொண்டு மீனின் நீச்சலை ஆராய முடியாது என்பது புரத ஆய்வில் அன்றுதான் புரிந்தது.

அந்தப் பெர்னால் 1952இல் மதராஸுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்கு அப்போதுதான் புதுத் தலைவர் பொறுப்பேற்றிருந்தார்: கோ. நா. ராமச்சந்திரன், எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் சி. வி. ராமனின் மாணவர், கேம்பிரிஜில் பட்டம் பெற்றுத் திரும்பியவர், வயது முப்பது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் கேட்டபோது ராமன் கைகாட்டிய பெயர் அது. எக்ஸ் கதிர்க் கூடம் தயாராகிக்கொண்டிருந்தது. எதை ஆராய்வது என்பதுதான் தெளிவாகவில்லை. விருந்தினரிடம் கேட்டார். கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றார் பெர்னால். அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங் 1951இல் அதற்கு ஒரு மாதிரி வெளியிட்டிருந்தார், அது பொருந்தவில்லை. பெர்னால் ஊர் திரும்பினார். மதராஸில் வேலை தொடங்கியது.

ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிரைச் செலுத்திய மாதிரிகளில் நல்ல படம் தந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வருவித்த கங்காருவின் வால் தசைநாண். ஒழுங்காக நீட்டி அடுக்கிய இழை அது. படத்தைப் பார்த்து மாத்திரம் கட்டமைப்பைச் சொல்லிவிட முடியாது. அதற்கு இரசாயனத்திலிருந்து ஒரு துப்பு வேண்டியிருந்தது. எந்தப் பிராணியின் கொலாஜனை எடுத்தாலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கிளைசீன் என்பது அப்போதே தெரிந்த செய்தி. பலர் அதை ஒரு விகிதமாகப் பார்த்தார்கள். மதராஸில் அதை ஓர் இட ஒதுக்கீடாகப் பார்த்தார்கள். மூன்று சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கி நின்றால், நடுவில் உள்ள அச்சைப் பார்த்து ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது அமினோ அமிலம் திரும்பும். அங்கே பக்கக் கிளைக்கு இடமே இல்லை. ஓர் ஐதரசன் அணு மட்டும் நுழையலாம். ஆகவே அங்கே கிளைசீன். 1954 ஓகஸ்ட்டில் நேச்சர் இதழில் இந்த மாதிரி வந்தது. அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்று சங்கிலியும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்வதாகக் காட்டினார்கள்.

முறுக்கின் திசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தனிச் சங்கிலி ஒவ்வொன்றும் இடப்பக்கமாகச் சுழல்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகச் சுழல்கின்றன. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கரைவலை இழுப்பவர்களின் கையில் இருக்கும் மூன்று புரிக் கயிறும் இப்படித்தான் திரிக்கப்படுகிறது. தும்பை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்கி, மூன்று புரியையும் எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு நிற்கும். இழுக்க இழுக்க ஒன்றின் அவிழ்ச்சி மற்றதன் இறுக்கமாகும். ஒரே பக்கமாகத் திரித்த கயிறு கையை விட்டதும் பிரிந்து போகும். கயிறு திரிப்பவன் அனுபவத்தால் கண்டுகொண்டதை இயற்கைத் தேர்வு ஒன்றரை நனோமீற்றர் தடிப்பில் கண்டுகொண்டது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது வம்சமோ அறிவோ அல்ல, இழுவிசைதான்.

1955 முடிவதற்குள் இலண்டனிலிருந்தும் கேம்பிரிஜிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும், முறுக்கு என்பது சரி, ஆனால் மதராஸ் மாதிரியில் சில அணுக்கள் பொறுக்க முடியாத அளவு நெருங்கிவிடுகின்றன என்றார்கள். மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு என்று ராமச்சந்திரன் வைத்திருந்தார். அவர்கள் ஒன்று போதும் என்றார்கள். அந்த எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதே நிலைத்தது. முதற் கருத்து யாருடையது என்ற மனத்தாங்கல் இந்தியாவில் நெடுங்காலம் ஓயவில்லை. ஆனால் அந்த வாக்குவாதத்தின் விளைவு வாக்குவாதத்தை விடப் பெரியது. அணுக்கள் நெருங்கிவிட்டன என்றால் எவ்வளவு நெருக்கம் மிகை? இதற்கு யாரிடமும் ஒழுங்கான விடை இல்லை என்பதை ராமச்சந்திரன் கவனித்தார். அதுவரை வெளிவந்த சிறு மூலக்கூறுப் பளிங்குகளின் கட்டுரைகளையெல்லாம் தேடி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு கிட்ட வந்திருக்கின்றன என்று அட்டவணை போட்டார்கள். காபனும் காபனும், காபனும் ஒட்சிசனும், நைதரசனும் ஐதரசனும் என்று ஒவ்வொரு சோடிக்கும் ஓர் எல்லைத் தூரம்.

அடுத்த படி வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து எடுக்கப்பட்டது. புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் சுழலக்கூடிய மூட்டு இரண்டு. அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, சுழலலாம். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நிலையாகவும் வைத்தால் ஒரு சதுரப் படம் வரும். சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் சங்கிலி மடங்கக்கூடிய ஒரு விதம். அணுக்களைப் பிள்ளைகள் விளையாடும் போளைகள் போலக் கெட்டியான உருண்டைகளாகக் கற்பனை செய்துகொண்டு, புள்ளி புள்ளியாகப் போய், இந்த மடிப்பில் போளையும் போளையும் முட்டுகின்றனவா என்று பார்த்தார்கள். முட்டினால் தடை, முட்டாவிட்டால் அனுமதி. குவாண்டம் சமன்பாடு எதையும் தீர்க்கவில்லை. கணக்கெல்லாம் மேசைக் கணிப்பானில் போடப்பட்டது. 1963இல் வெளிவந்த அந்தப் படத்தை இன்று உலகம் ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது.

படத்தில் முதலில் கண்ணில் படுவது வெறுமை. சாதாரண அமினோ அமிலத்துக்குச் சதுரத்தின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தடைப்பட்ட நிலம். முழங்கை பின்பக்கமாக மடங்காதது போல, அந்த மடிப்புகள் எந்த உயிரிலும் வசதியாக அமையாது. அனுமதித்த சிறு தீவுகளில் ஒன்று போலிங் புரதங்களுக்குக் கண்ட அல்பாச் சுருளின் இடம், ஒன்று தட்டையான தாளின் இடம், அதன் அருகே கொலாஜன் சங்கிலியின் இடம். புரதங்களின் முழுக் கட்டமைப்பு அப்போதுதான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தது. கெண்ட்ரூ கட்டமைப்பைத் தீர்த்த மயோகுளோபின் என்னும் தசைப் புரதத்தின் கோணங்களைப் படத்தில் குறித்தபோது பெரும்பாலும் தீவுகளுக்குள்ளேயே விழுந்தன.

கூர்ப்பை எண்ணிப் பார்ப்பவருக்கு இந்தச் சதுரம் ஒரு புது விதமான கருவி. 100 அமினோ அமில நீளமுள்ள ஒரு புரதத்தை எழுத இருபதை நூறு தரம் பெருக்க வேண்டும். வருவது 1க்குப் பின்னால் 130 பூச்சியம். காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்கள் 1க்குப் பின்னால் 80 பூச்சியம் என்ற அளவில்தான் மதிப்பிடப்படுகின்றன. இத்தனை பெரிய வெளியில் இயற்கைத் தேர்வு எதையாவது எப்படிக் கண்டுபிடித்தது? ஒரு பங்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. எழுத்துகளின் வரிசை எண்ணற்றது என்றாலும் சங்கிலி மடங்கக்கூடிய விதம் எண்ணற்றதல்ல. இன்று அறியப்பட்ட புரதங்களின் அடிப்படை மடிப்புகள் ஆயிரத்துச் சொச்சம் வகைக்குள் அடங்குகின்றன. உறவே இல்லாத வம்சங்கள் ஒரே மடிப்பில் வந்து நிற்பதும் உண்டு. வரைபடம் போடும் இந்த வேலி பக்டீரியாவுக்கும் பனைக்கும் யானைக்கும் ஒன்றே. வேலிக்குள் எந்த மாடு எங்கே மேயும் என்பதை வேலி சொல்லாது. அது வம்சத்தின் வரலாறு.

வேலியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது 1994இல் அணு அணுவாகத் தெரிந்தது. பெல்லா, ஈட்டன், புரொட்ஸ்கி, பெர்மன் என்ற நால்வர் கொலாஜன் போன்ற ஒரு குட்டிச் சங்கிலியைச் செயற்கையாகச் செய்து பளிங்காக்கிப் படம் பிடித்தார்கள். சங்கிலிக்கு முப்பது அமினோ அமிலம். நடுவில் ஒரு கிளைசீனை எடுத்துவிட்டு வேண்டுமென்றே அலனீனை வைத்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் மதராஸில் சொன்ன முறுக்கு, கச்சிதமாக. அந்த ஓரிடத்தில் மட்டும் முறுக்கு சற்றுத் தளர்ந்து, சங்கிலிகள் அச்சிலிருந்து விலகி, அவற்றின் இடையே நேராக இருக்க வேண்டிய பிணைப்பு போய், நீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து பாலம் கட்டியிருந்தன. கூடுதலாக வந்தது ஒரு காபனும் இரண்டு ஐதரசனும்தான்.

குட்டிச் சங்கிலியில் அது ஒரு தளர்ச்சி. குழந்தையின் உடம்பில் அது நோய். பிறவியிலேயே எலும்பு எளிதில் உடையும் நோயாளர் பலரிடம் முதலாம் வகைக் கொலாஜனின் 338 கிளைசீன்களில் ஏதோ ஒன்று விகாரத்தால் வேறொன்றாக மாறியிருக்கும். மாற்றாக வந்தது சிறியதாக இருந்தால் நோய் பெரும்பாலும் மிதமாகவும், வலின் போலப் பருத்ததாகவோ அஸ்பாற்றிக் அமிலம் போல மின்னேற்றம் கொண்டதாகவோ இருந்தால் கடுமையாகவும் இருக்கும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பொதுப் போக்கு அதுதான். கயிற்றின் நியாயம் இங்கே இன்னொரு விதத்திலும் வேலை செய்கிறது. இந்தக் கொலாஜனின் மூன்று புரியில் இரண்டு ஒரே பரம்பரையலகிலிருந்து வருவன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று அந்த அலகுக்கு இரண்டு பிரதிகள். அவற்றில் ஒன்று கெட்டால், இரண்டு புரியும் நல்லதாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். முக்கால்வாசிக் கயிறு பழுதாகிவிடும். அதே பிரதி கெட்ட புரியைத் தராமல் அடியோடு வாயை மூடிக்கொண்டால் கயிறு பாதியாகக் குறையும், ஆனால் இருப்பதெல்லாம் நல்ல கயிறு, நோயும் இலேசு. கெட்டதை விட இல்லாதது மேல் என்ற இந்த விந்தை, மூன்று சங்கிலி சேர்ந்தே முறுக வேண்டும் என்ற கட்டமைப்பிலிருந்து நேரடியாக வருகிறது. இயற்கைத் தேர்வு 60 கோடி ஆண்டுகளாக எதை வடிகட்டி எறிந்து வந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கிளைசீனின் இடத்தில் கூர்ப்புக்குச் சுதந்திரம் கிடையாது. மற்ற இரண்டு இடங்களில் தாராளமாக உண்டு, அங்கே அது செய்திருப்பது ஒரு வெப்பவியல் பாடம். அந்த இடங்களில் அடிக்கடி வருவன புரோலினும், அதற்கு ஒட்சிசன் ஏற்றிய வடிவமான ஐதரொட்சிபுரோலினும். இவை அதிகமானால் முறுக்கு அவிழும் வெப்பநிலை ஏறும். வட கடலின் கொட் மீனின் தோல் கொலாஜன் 15 பாகை செல்சியஸ் அளவிலேயே அவிழ்ந்துவிடும்; குளிர்ந்த நீரில் வாழும் மீனுக்கு அது போதும். ஆடு மாட்டின் கொலாஜன் 40 பாகைக்குக் கிட்டத் தாங்கும். வெதுவெதுப்பான குளங்களில் வாழும் திலாப்பியா இரண்டுக்கும் நடுவில். பன்றி ஜெலற்றினுக்கு மாற்றுத் தேடும் ஹலால் சந்தை கொட் மீனை விட்டுத் திலாப்பியாத் தோலை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: கொட் ஜெலற்றின் நல்ல குளிரில் அல்லாமல் கட்டியாகாது. ஒவ்வொரு பிராணியின் கொலாஜனும் அது வாழும் வெப்பத்துக்குச் சற்று மேலே, போதிய அளவு மட்டும் உறுதியாக இருப்பதாகவே நெடுநாள் எண்ணப்பட்டது. 2002இல் வந்த ஓர் ஆய்வு அதையும் புரட்டியது. மனிதனின் முதலாம் வகைக் கொலாஜன் தனி மூலக்கூறாக இருக்கும்போது உடல் வெப்பநிலையிலேயே மெதுவாக அவிழத் தொடங்குகிறதாம். இழையாக அடுக்கப்பட்ட பிறகுதான் பக்கத்து மூலக்கூறுகளின் நெருக்கத்தால் நிலைத்து நிற்கிறது. விளிம்பில் வைத்தே கூர்ப்பு அதைச் செதுக்கியிருக்கிறது.

புரோலினுக்கு ஒட்சிசன் ஏற்றும் நொதியம் விற்றமின் சி இல்லாமல் ஓடாது. ஆடும் மாடும் அந்த விற்றமினைத் தாமே செய்துகொள்ளும். மனிதனும் குரங்கினமும் அதைச் செய்யும் கடைசி நொதியத்தின் பரம்பரையலகை எப்போதோ பழுதாக்கிவிட்டன. பழம் தின்று வாழ்ந்த மூதாதைக்கு அது ஒரு நட்டமாகப் படவில்லை. நட்டம் தெரிந்தது நெடுங்கடற் பயணங்களில். மாதக்கணக்கில் பழமும் கீரையும் காணாத மாலுமிகளுக்கு ஈறு கசிந்தது, ஆறிப்போன பழைய தழும்புகள் மறுபடி வாய் திறந்தன. 1747இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லின்ட் தோடம்பழமும் தேசிப்பழமும் கொடுத்துப் பார்த்ததன் அடியில் கிடந்தது இந்த மூன்று புரிக் கயிற்றின் வெப்பநிலைதான். இங்கே பௌதிகம் விதியைச் சொல்கிறது. குரங்கினம் ஏன் மாட்டிக்கொண்டது என்பதை வம்ச வரலாறு அல்லாமல் எதுவும் சொல்லாது.

நோன்பு மாதத்தில் கல்முனைப் பக்கத்து வீடுகளில் இஃப்தாருக்குச் செய்யும் கடற்பாசியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் மேசையிலேயே இறுகிவிடும், வெயில் நாளிலும் உருகாது. ஜெலற்றினால் இது முடியாது. முப்பது பாகையைத் தாண்டினால் அது தண்ணீர். கடற்பாசியில் இருப்பது புரதமே அல்ல, செந்நிறக் கடற்களையின் சர்க்கரைச் சங்கிலி. அதுவும் முறுக்கிக்கொண்டு, வலையாகி, நீரைப் பிடிக்கிறது. ஆனால் 40 பாகைக்குக் கிட்ட இறுகினால் 85 பாகைக்குக் கிட்டப் போனால்தான் உருகும். கடற்களைக்கும் ஆட்டுக்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. முறுக்கும் வலையும் நீரும் சேர்ந்தால் களி என்ற பௌதிகம் சொந்தம் பார்ப்பதில்லை.

இனி, கிளைசீன் உயிருக்கு முன்னரே இருந்ததா என்ற கேள்வி. பிரித்தானிய உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1929இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒட்சிசன் இல்லாத ஆதிப் பூமியில் புறஊதாக் கதிர் கடலில் சேதனப் பொருள்களைத் திரட்டியிருக்கும் என்றார். ரஷ்யாவில் ஒபாரின் அதற்கு முன்னரே ஒத்த கருத்தைச் சொல்லியிருந்தார். 1953இல் சிக்காகோவில் ஸ்டான்லி மில்லர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி கலந்த குடுவையில் மின்பொறி பாய்ச்சினார். சில நாளில் கிடைத்தவற்றுள் முதன்மையானது கிளைசீன். ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கே குடிவந்து, கல்கத்தாவிலும் பிறகு புவனேஸ்வரிலும் வேலை செய்து, 1964 டிசம்பர் 1இல் அங்கேயே காலமானார். இறப்பதற்கு ஓராண்டு முன், புளோரிடாவின் வக்குல்லா ஸ்பிரிங்ஸில் நடந்த கூட்டத்தில் ஒபாரினை முதன்முறையாகச் சந்தித்தார். அந்த அறையில் இலங்கையர் ஒருவரும் இருந்தார்.

சிரில் பொன்னம்பெரும 1923இல் காலியில் பிறந்தவர். 1948இல் அவர் பெற்ற முதற் பட்டம் மதராஸ் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பட்டம். ராமச்சந்திரன் அங்கே வருவதற்கு நான்கு ஆண்டு முன்னர் என்பதால் இருவருக்கும் அங்கே சந்திக்க வாய்ப்பில்லை. பிறகு இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனம் படித்தார். அங்கே ஆசிரியர் அதே பெர்னால். மதராஸில் ஒருவரைக் கொலாஜனிடம் அனுப்பிய மனிதர், இலண்டனில் இன்னொருவரை உயிரின் தோற்றத்திடம் அனுப்பினார். களிமண்ணின் பரப்பில் மூலக்கூறுகள் படிந்து செறிந்திருக்கலாம் என்று உயிரின் பௌதிக அடிப்படையைப் பற்றிப் பெர்னால் அப்போது எழுதிக்கொண்டிருந்தார். பொன்னம்பெரும கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம் முடித்து, 1963இல் மெதேன், அமோனியா, நீர் கலவை மீது இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி அடினீன் என்ற பரம்பரை எழுத்தைப் பெற்ற குழுவில் இருந்தார். நாசாவின் எய்ம்ஸ் கூடத்தில் உயிரின் தோற்றம் பற்றிய பிரிவை நடத்தினார்.

1969 செப்டெம்பர் 28இல் ஆஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. சந்திரப் பாறைகளைச் சோதிப்பதற்காகத் தூய்மையாக வைத்திருந்த எய்ம்ஸ் கூடம் ஆயத்தமாகவே இருந்தது. கல்லில் கிளைசீன் இருந்தது. ஆனால் அமினோ அமிலம் கைரேகையிலிருந்தும் ஒட்டிக்கொள்ளும். பூமியின் அழுக்கு அல்ல என்று எப்படிச் சொல்வது? இங்கே கிளைசீனால் சாட்சி சொல்ல முடியாது. மற்ற அமினோ அமிலங்களுக்கு வலக்கை இடக்கை போல இரண்டு வடிவம் உண்டு, பூமியின் உயிர்கள் தம் புரதங்களில் இடக்கையை மட்டும் பயன்படுத்துகின்றன. கிளைசீனுக்கு அந்தப் பேதமே இல்லை. ஆகவே அலனீன் முதலியவற்றைப் பார்த்தார்கள்: இரண்டு கையும் ஏறக்குறைய சமம். உயிர்கள் புரதத்தில் பயன்படுத்தாத அமினோ அமிலங்களும் கூடவே இருந்தன. 1970 டிசம்பரில் கீத் குவென்வோல்டன், பொன்னம்பெரும முதலியோரின் கட்டுரை நேச்சரில் வந்தது. கொலாஜனின் மூன்றாவது இடத்துக்கு ஏற்ற ஆள் உயிர் தோன்ற முன்னரே விண்வெளியில் மலிவாகக் கிடந்தது என்பது இதனால் உறுதியாயிற்று. 2016இல் ரொசெற்றா விண்கலம் ஒரு வால்வெள்ளியின் வாயுவிலும் கிளைசீனைக் கண்டது.

பௌதிகத்தின் கணக்கு எப்போதும் இப்படிப் பலன் தருவதில்லை. 1981இல் பிரெட் ஹொய்லும் கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும், 2000 நொதியங்கள் குருட்டுவாக்கில் ஒன்றுசேரும் வாய்ப்பு 1க்குப் பின்னால் 40,000 பூச்சியத்தில் ஒன்று என்று கணக்கிட்டு, உயிர் பூமியில் தோன்றியிருக்க முடியாது, விண்ணிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று முடித்தார்கள். பெருக்கலில் பிழை இல்லை. பிழை கேள்வியில். நொதியம் ஒன்று ஒரே வீச்சில் முழுதாகத் தோன்றியதாக எந்தக் கூர்ப்பியலாளரும் சொன்னதில்லை; ஒவ்வொரு சிறு படியும் தேர்வால் காக்கப்படுகிறது. மதராஸ் வரைபடத்தின் வேலியும், ஒரே வேலையைச் செய்யக்கூடிய வரிசைகள் ஏராளம் என்ற உண்மையும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. அவர்களுடைய வானியற் பணி வேறு; விண்மீனிடைத் தூசியில் காபன் சேர்மங்கள் நிறைந்திருப்பதை முன்னரே வற்புறுத்தியவர்கள் அவர்கள். விக்கிரமசிங்க இலங்கையின் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் தொடக்க காலப் பணிப்பாளர். 1984இல் அதே நாற்காலிக்கு வந்தவர் பொன்னம்பெரும. ஒரு சிறு தீவின் ஒரே நிறுவகத்தில், உயிர் வானத்திலிருந்து வந்தது என்பவரும் பூமியின் சேற்றில் சமைந்தது என்பவரும் அடுத்தடுத்துத் தலைமை வகித்தது விஞ்ஞான வரலாற்றில் அபூர்வம். நிறுவகம் கண்டி ஹந்தானைக்கு இடம்பெயர்ந்தது பொன்னம்பெருமவின் காலத்தில். அவர் 1994 டிசம்பரில் காலமானார்.

ராமச்சந்திரன் 1970இல் மதராஸை விட்டுப் பெங்களூருக்குப் போய், இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத்துக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. 2001 ஏப்ரல் 7இல் சென்னையில் மறைந்தார். அவருடைய சதுரம் ஓய்வுபெறவில்லை. உலகின் எந்தக் கூடத்தில் ஒரு புரதத்தின் கட்டமைப்பைத் தீர்த்தாலும், தரவுக் களஞ்சியத்துக்கு அனுப்பும்போது எத்தனை அமினோ அமிலம் தடைநிலத்தில் விழுகிறது என்று முதலில் பார்க்கிறார்கள். விழுந்தவை மிகுந்தால் கட்டமைப்பின் மேல் சந்தேகம்தான். 2022இல் அல்பாஃபோல்ட் என்னும் கணினி நிரல் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் வடிவை ஊகித்து வெளியிட்டது. 2024இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஊகங்களின் தரத்தைப் பார்க்கிறவர்களும் மேசைக் கணிப்பானில் வரைந்த அதே எல்லைகளைத்தான் எடுக்கிறார்கள். கிளைசீனை மட்டும் பொதுப் படத்தில் சேர்ப்பதில்லை. பக்கக் கிளை இல்லாததால் அதற்குப் பாதிக்கும் மேல் நிலம் திறந்திருக்கிறது. கை பேதம் இல்லாததால் அதன் படத்தின் மையத்தில் ஊசி குத்தி அரைச் சுற்றுச் சுற்றினால் அதே படம் மறுபடி வரும். அதைத் தனித் தாளில் வரைகிறார்கள்.